நம்பர் ஏறினால் ஊசி இளைக்கும்!

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான் குடியிருந்த காலம். என் அறை நண்பருக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து இன்டர்வியூ வந்திருந்தது. காலை 10 மணிக்கு ஆஜராக வேண்டும். எட்டரைக்கே குளித்து முடித்து, நெற்றியில் விபூதி இட்டு, பேன்ட்டுக்குள் காலை விட்டார். கட்டை விரல் எங்கோ மாட்ட, 'டர்ர்...' என்று ஒரு சத்தம். வலது கால் ஹெம்மிங் மொத்தமும் பிரிந்து, மடிப்பு தரையைப் பெருக்கியது.

மேன்ஷனில் 40 அறைகள். அத்தனை அறையிலும் ஓடித் தேடினோம். கிரிக்கெட் மட்டை கிடைத்தது, கிடார் கிடைத்தது, ஓர் அறையில் ஆமைகூடக் கிடைத்தது. ஊசி? ஊஹூம்!

நண்பர் மூளைக்காரர். ஸ்டேப்ளரை எடுத்தார். 'டக்... டக்... டக்...' மூன்றே நிமிஷம், ஹெம்மிங் ரெடி.

இன்டர்வியூவில் எல்லாக் கேள்விக்கும் பிரமாதமாகப் பதில் சொன்னாராம். பதற்றத்தில் மேஜைக்கு அடியில் காலோடு காலைப் பின்னி உட்கார்ந்திருந்திருக்கிறார். "தேங்க் யூ ஸார்" என்று எழுந்தபோது வலது பேன்ட்டின் பின், இடது கால் சாக்ஸில் கொக்கி போட்டுவிட்டது. அப்படியே அதிகாரிகள் முன்னால் சாஷ்டாங்க நமஸ்காரம்! "அடடா, இவ்வளவு பணிவெல்லாம் வேண்டாம் தம்பி" என்று தூக்கி விட்டார்களாம். (வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். இப்போது வேறிடத்தில் சௌக்கியமாக இருக்கிறார். பேன்ட் வாங்கினால் விலையைப் பார்ப்பதற்கு முன் ஹெம்மிங்கைத்தான் பார்க்கிறார்.)

சிரித்தாயிற்றா? சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் அறையில் ஊசி இருக்கிறதா? இருக்கிறது என்றால், அது எத்தனாம் நம்பர் ஊசி?

"என்ன ஸார் இது, ஊசியிலுமா நம்பர்?" என்று கேட்கிறீர்கள். 2011-ல் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை கொஞ்சம் ஜாஸ்தி.

'ராஜா, கோத்துக் குடுடா!'

எங்கள் ஊர் மாயவரம். நான் எட்டாவது படிக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே தொழில் கைத்தையல். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, ரவிக்கைக்கு ஹெம்மிங் போடுவது, கொக்கி கட்டுவது. ஒரு புடவைக்கு ஃபால்ஸ் வைத்தால் 30 ரூபாய். நான் பி.காம். படித்தது தாத்தா சொத்தில் இல்லை. முப்பது முப்பதாகச் சேர்ந்த இந்த ஃபால்ஸ் பணத்தில்தான்.

ஃபால்ஸ் என்றால் என்னவென்று தெரியாத பிரம்மச்சாரிகளுக்காக ஒரு வார்த்தை. புடவையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற பட்டைத் துணி அது. புடவை ஒழுங்காகக் கீழே விழவும், கொலுசும் செருப்பும் பட்டு ஓரம் கிழியாமல் இருக்கவும் வைப்பது. இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், தைத்தது வெளியே தெரியக் கூடாது. ஊசி, புடவையில் ஒன்றிரண்டு இழைகளை மட்டும் கவ்விக்கொண்டு திரும்பி வரவேண்டும். அம்மா தைத்தால் வெளிப்பக்கம் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். அதுவும் தேடினால்.

நாற்பத்தைந்து வயதில் அம்மாவுக்கு வெள்ளெழுத்து வந்தது. தைப்பதில் சிரமம் இல்லை. பாதி வேலையை விரலே பார்த்துக்கொள்ளும். ஊசியில் நூல் கோப்பதுதான் முடியவில்லை. நூல் தீர்ந்ததும் கூடத்திலிருந்து குரல் வரும்:

"ராஜா, இந்த நூலைக் கொஞ்சம் கோத்துக் குடுடா!"

ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் பத்து தடவையாவது இந்தக் குரல். அப்போது நான் காஸ்ட் அக்கவுன்டன்ஸியில் மூழ்கி... சரி, உங்களிடம் என்ன பொய்? கிரிக்கெட்டில் மூழ்கியிருப்பேன். உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த நேரம். டெண்டுல்கர் சதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் சொல்லி வைத்த மாதிரி அம்மாவுக்கு நூல் தீரும்.

ஒருநாள் எனக்கு ஓர் அபூர்வ யோசனை உதித்தது. நேராகக் கடைவீதிக்குப் போனேன்.

"அண்ணே, கை ஊசி ஒரு பாக்கெட் குடுங்க. காது மட்டும் நல்லா பெருசா இருக்கணும்."

கேட்டதைக் கொடுத்தார். அம்மா வாங்கிப் பார்த்தாள். முதல் தடவையிலேயே நூல் உள்ளே போய்விட்டது. "கொஞ்சம் தடியா இருக்கேடா?" என்று இழுத்தாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன், ஏதோ ஊசி சாஸ்திரத்தில் கோல்ட் மெடல் வாங்கினவன் மாதிரி. அம்மாவும் விட்டுவிட்டாள். காரணம் பிறகுதான் தெரிந்தது. 'பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறான், சும்மா சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று நினைத்தாளாம்.

அந்த வாரம், பத்து வருடமாக எங்களிடமே கொடுக்கிற பக்கத்துத் தெரு டீச்சரம்மாவின் பெண் கல்யாணத்துக்காக எட்டுப் புடவைகள் வந்திருந்தன. அதில் ஒன்று முகூர்த்தப் பட்டு. டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் அம்மா தைத்து முடித்தாள். நானும் ஒரு பந்துகூட விடாமல் மேட்ச் பார்த்தேன்.

மூன்றாம் நாள் டீச்சரம்மா வந்தார். வாசல் வெயிலில் பட்டைப் பிரித்துக் காட்டினார். பார்டர் நெடுக, அரை அங்குலத்துக்கு ஒன்றாக, குத்தி வைத்த மாதிரி துளைகள். ஒரு பக்கம் தையலைப் பிரித்தும் பார்த்திருக்கிறார். நூல் போய்விட்டது, துளை போகவில்லை.

"ஏங்க, இத்தனை வருஷமா உங்ககிட்டதானே குடுக்கறேன்..." என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அம்மா எட்டுப் புடவைக்கும் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எட்டு முப்பது 240. தொகை சின்னதுதான். ஆனால் அந்தக் கல்யாண சீஸன் முழுக்க அந்தத் தெருவிலிருந்து ஒரு புடவையும் வரவில்லை. கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று எங்களுக்குப் பாடம். அது எப்படிக் கரையும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வாசல் திண்ணையில் பார்த்தேன்.

அம்மா என்னைத் திட்டவே இல்லை. அன்று ராத்திரி பழைய மெல்லிய ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, நூல் நுனியை நாக்கில் நனைத்து, தானே கோக்கப் பார்த்தாள். நூல் காதுக்கு இந்தப் பக்கம் போயிற்று. அப்புறம் அந்தப் பக்கம் போயிற்று. நான் எழுந்து போய் டி.வி.யை நிறுத்தினேன். அன்றைக்கு யார் ஆடினார்கள், யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரிந்துகொள்ளவில்லை.

பாய் நடத்திய டியூஷன்

மறுநாள் காலை எங்கள் தெருமுனை டெய்லர் பாயிடம் போனேன். கோட்டு தைப்பதில் பெரிய கை. என் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தவர், "தம்பி, இதுல போட்டிருக்கற நம்பரைப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். 3.

"உங்கம்மா பழைய ஊசி என்ன நம்பர் தெரியுமா? 10."

"பத்துதானே பாய் பெருசு?"

பாய் சிரித்த சிரிப்பில் மெஷினே கொஞ்சம் ஆடியது. கை ஊசி விஷயத்தில் கணக்குத் தலைகீழாம். நம்பர் ஏற ஏற ஊசி இளைக்கும். நம்முடைய பர்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் தேதி ஏற ஏற பர்ஸ் மெலிகிறதல்லவா? அதேதான்! சாதாரணத் தையல் ஊசி 1-ல் ஆரம்பித்து 12 வரை போகிறது. 1 தடியன்; 12 நோஞ்சான்.

"அப்ப உங்க மெஷின் ஊசியும் அப்படித்தானா பாய்?"

"அங்கதான் கூத்து. அதுக்கு நேர் எதிர்."

மெஷின் ஊசியில் நம்பர் ஏறினால் ஊசி பருக்கும். (இது கல்யாணமான வருடமும் தொப்பையும் மாதிரி.) மெஷின் ஊசிப் பாக்கெட்டில் 70/10, 90/14, 100/16 என்று ஜோடி ஜோடியாகப் போட்டிருப்பார்கள். முதல் எண், ஊசியின் கனம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். ஆக, கை ஊசிக் கணக்கை மெஷினுக்கும் மெஷின் கணக்கைக் கைக்கும் போட்டால், டெபிட்டைக் கிரெடிட்டில் எழுதின கதிதான்.

பாய் அடுத்துச் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "ஊசிக்கு மூணே உறுப்பு தம்பி. காது நூலுக்கு, உடம்பு துணிக்கு, முனை வேலைக்கு. நீ காதை மட்டும் பாத்து வாங்கிட்டே."

யோசித்துப் பாருங்கள். துணியில் துளை போடுவது ஊசியின் உடம்பு. அந்தத் துளை, நூல் நெருக்கமில்லாமல் போய் வருகிற அளவுக்கு இருந்தால் போதும். உடம்பு மெலிந்துபோனால், நூல் ஒவ்வொரு தடவையும் துணியோடு உரசி, பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, பாதியில் அறுந்துவிடும். உடம்பு தடித்துப்போனால் துளை பெரிசாகி, நூலைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பருத்தித் துணி பரவாயில்லை, தண்ணீரில் நனைத்தால் இழைகள் நகர்ந்து துளையை மூடிவிடும். பட்டு அப்படியில்லை. ஒரு தடவை குத்தினால் குத்தினதுதான். பட்டு மன்னிக்காது!

போகும்போது பாய் தன் ஊசியைக் காட்டினார். சுண்டு விரலில் பாதிகூட இல்லை. குட்டையான ஊசிக்கு 'பிட்வீன்ஸ்' என்று பெயராம். நடுவிரலில் உலோகத் தொப்பி மாட்டிக்கொண்டு, இந்தக் குட்டையனை வைத்து அவர் தைக்கிற வேகத்தைப் பார்க்கவேண்டும். சின்னச் சின்னதாக, ஒரே அளவாக, வரிசையாகத் தையல் விழும். கனத்த துணியில் நீள ஊசி வளையும். குட்டை ஊசி வளையாது.

ஊசிக் கம்பெனியும் 15 மார்க்கும்

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அடுத்த மாதமே எனக்கு இறுதி ஆண்டுப் பரீட்சை. கம்பெனிச் சட்டப் பேப்பரில் 15 மார்க் கேள்விக்கு நான் பக்கம் பக்கமாக எழுதிய வழக்கு... ஒரு ஊசிக் கம்பெனி வழக்கு!

அதைச் சொல்வதற்குமுன் கொஞ்சம் இங்கிலாந்து போய்விட்டு வரவேண்டும். பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய குண்டூசிக் கணக்கு ஞாபகம் இருக்கும். பத்துப் பேர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் ஒரே நாளில் 48,000 குண்டூசி. குண்டூசிக்குத் தலை வைத்தால் போதும். தையல் ஊசி அதைவிடப் பாடு. எஃகுக் கம்பியை வெட்டவேண்டும், நிமிர்த்தவேண்டும், முனை தீட்டவேண்டும், காது குத்தவேண்டும், சூடேற்றிப் பதப்படுத்தவேண்டும், பளபளப்பாக்கவேண்டும்.

இந்தக் கலையில் உலகத்துக்கே தலைநகரமாக இருந்தது, பர்மிங்ஹாமுக்குத் தெற்கே இருக்கும் ரெட்டிச் என்கிற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்து ஊசிகளில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் தயாரானது. அங்கே கை நிறையச் சம்பளம் வாங்கியவர்கள் ஊசி முனை தீட்டுகிறவர்கள். ஆனால் சாணைக் கல்லில் தீட்டும்போது கல் தூசியும் எஃகுத் தூசியும் நெஞ்சுக்குள் போகும். சம்பளம் கூட, ஆயுள் குறைவு. பலர் நடுவயதையே பார்க்கவில்லை. அந்த ஊரில் பழைய ஃபோர்ஜ் மில் ஆலையை இப்போது ஊசி மியூசியமாக வைத்திருக்கிறார்கள். நாம் தரையில் தொலைத்துவிட்டு 'போனால் போகிறது, ஒரு ஊசிதானே' என்கிற சமாசாரத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை.

ரெட்டிச்சுக்குப் பக்கத்து ஊர் ஸ்டட்லி. அங்கிருந்த ஊசிக் கம்பெனி ஒன்றின் துணை நிறுவனமாக, 1949-ல் நம்முடைய நீலகிரியில், கேத்தியில் வந்தது நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுக்காரர்களின் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டியிருந்தது. 1977-ல் புதிய பங்குகளை வெளியிட்டு, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு 'வேண்டுமா?' என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள். கடிதம் இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்தது மே 2. பங்குகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்த போர்டு மீட்டிங்கும் அதே மே 2!

நூல் வருவதற்குள் ஊசி ஓடிவிட்டது என்று இங்கிலாந்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981-ல் சுப்ரீம் கோர்ட், 'இது சட்டப்படி அடக்குமுறை ஆகாது. ஆனாலும் இதனால் கிடைத்த லாபத்தை வைத்துக்கொள்வது நியாயமில்லை' என்று சொல்லி, 8,54,550 ரூபாயை இங்கிலாந்துக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. கம்பெனிச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் தாண்டிப் போகமுடியாத வழக்கு.

இதையெல்லாம் தேதிவாரியாக எழுதி மார்க்கும் வாங்கினேன். ஊசிக் கம்பெனியின் பங்குக் கணக்கு தெரிந்தவனுக்கு ஊசியின் நம்பர் தெரியவில்லை. அந்தப் பரீட்சைக்குக் கட்டின ஃபீஸ் யாருடைய ஊசியில் வந்தது என்பதை நினைத்தால், அந்த 15 மார்க் இப்போதும் கொஞ்சம் குத்தும்.

சௌகார்பேட்டையில் ஞானோதயம்

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. தூரத்துப் பார்வை பளிச். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போடவேண்டும். "திரும்பத் தைக்கலாம்போல இருக்குடா, நல்ல ஊசியாப் பாத்து வாங்கிட்டு வா" என்றாள் போனில். இந்த முறை நான் எச்சரிக்கை. சௌகார்பேட்டையில் எம்பிராய்டரி சாமான் மட்டுமே விற்கிற சந்துக் கடை ஒன்றுக்குப் போனேன். கல்லாவில் ஒரு பெரியவர்.

"10-ம் நம்பர் கை ஊசி குடுங்க ஐயா" என்றேன் மிடுக்காக.

"பத்து சரி தம்பி. எந்த வகைல பத்து?"

எனக்கு மறுபடியும் மாயவரம் ஞாபகம் வந்தது! பெரியவர் ஒரு தட்டை இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு விளக்கினார்.

சாதாரணத் தையல் ஊசி 'ஷார்ப்ஸ்'. கூர்முனை, நடுத்தர நீளம், சின்ன வட்டக் காது. பட்டன், ஹெம்மிங், ஃபால்ஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் பிள்ளையார் சுழி.

'டேப்பஸ்ட்ரி' ஊசியின் முனை மொண்ணை. 'இது என்ன, குத்தாத ஊசி?' என்று நினைக்காதீர்கள். கட்டம் தெரிகிற துணியில் குறுக்குத் தையல் போடும்போது ஊசி இழையைக் குத்தக் கூடாது. இழைக்கும் இழைக்கும் நடுவில் உள்ள துளையில் நுழையவேண்டும். அதற்குத்தான் மொண்ணை முனை. நம்பர் 13-லிருந்து 28 வரை. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணிக்கு 24, 18 கட்டத்துக்கு 26 என்று வழக்கம். எண்ணித் தைப்பது என்றதும் கேத்தி இருக்கும் அதே நீலகிரியின் தோடர் பெண்கள் ஞாபகம் வருகிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் எம்பிராய்டரியும் இழைகளை எண்ணிப் போடுவதுதான். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

'ஷெனீல்' ஊசி, டேப்பஸ்ட்ரியின் உடன்பிறப்பு. அதே பெரிய காது. ஆனால் முனை கூர். ரிப்பனில் பூப்போடவும், கனத்த உல்லன் நூலை இழுக்கவும்.

'மில்லினர்ஸ்' ஊசி ஒல்லி, உயரம். இதன் விசேஷம், காது இருக்கிற இடத்தில் உடம்பு புடைத்திருக்காது. ஊசியில் நூலை ஏழெட்டுச் சுற்று சுற்றி ரோஜா இதழ் போடுகிறார்களே, அந்த முடிச்சிலிருந்து ஊசி சிக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வேறு ஊசியில் போட்டால் காது மாட்டிக்கொள்ளும். ரோஜா கத்தரிக்காய் ஆகிவிடும்.

மணி கோக்கிற ஊசி தலைமுடி மாதிரி. பாசிமணியின் துளை எத்தனை சின்னதோ, அதற்குள் ஊசியின் காதும் சேர்ந்து போகவேண்டுமே! சட்டென்று வளையும், உடையும். அதுவே தோல் தைக்கிற ஊசி என்றால் முனையில் மூன்று பட்டை. குத்துவதோடு அறுத்துக்கொண்டும் போகும். தோலுக்குச் சரி, அதைத் துணியில் போட்டால் துணி காலி.

"கடைசியா இது" என்று ஒன்றை எடுத்தார் பெரியவர். "எம்பிராய்டரி ஊசி. க்ரூவெல்னு சொல்வாங்க. நம்ம சாதா ஊசியேதான். அதே கனம், அதே கூர். காது மட்டும் நீளம்."

நான் கையில் வாங்கிப் பார்த்தேன். எம்பிராய்டரி நூல்கட்டில் ஆறு இழை முறுக்கியிருக்கும். ஓர் இழையோ இரண்டோ மூன்றோ பிரித்தெடுத்து ஒன்றாகக் கோக்க வசதியாகத்தான் காதை நீளமாக வைத்திருக்கிறார்கள். (இரண்டு இழைக்கு 8 அல்லது 9, மூன்றுக்கு 7, ஆறும் சேர்ந்தால் 4 பக்கம் இறங்கவேண்டும்.) ஆனால் என் மண்டையில் ஓடியது வேறு. உடம்பு 10-ம் நம்பர். பட்டில் துளை விழாது. காது நீளம். வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் தெரியும்.

"ஐயா, இது புதுசா வந்ததா?"

"புதுசா? என் தாத்தா கல்லாவுல உக்காந்தப்பவே இருந்துது தம்பி."

2011-ல் மாயவரம் கடையில் நான் கேட்கவேண்டியது இதைத்தான். தடி ஊசிக்கும் மெல்லிய ஊசிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கிறது. கேட்கத் தெரியாதவனுக்குக் கடைக்காரர் என்ன செய்வார்? பெரிய காது கேட்டேன்; பெரிய காது கொடுத்தார். யாருக்கு, எந்தத் துணிக்கு என்று நானும் சொல்லவில்லை.

மேன்ஷன்வாசிகள் கவனத்துக்கு

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். எம்பிராய்டரி போடப் போவதில்லை. பட்டன் தைக்கவேண்டும், அவ்வளவுதானே?

* வாங்கும்போது பல சைஸ் கலந்த ஷார்ப்ஸ் பாக்கெட் ஒன்று, நீளக் காது எம்பிராய்டரி பாக்கெட் ஒன்று. சட்டை பட்டனுக்கு 7 அல்லது 8, பேன்ட் ஹெம்மிங்குக்கு 8 அல்லது 9, ஜீன்ஸுக்கு 4 அல்லது 5. கோணி ஊசி அரிசி மூட்டைக்கு மட்டும்!

* சந்தேகம் வந்தால் துணியின் உள்மடிப்பில் ஒரே ஒரு குத்து குத்திப் பாருங்கள். நூல் இழுக்க மக்கர் செய்தால் ஊசி மெல்லிசு. நூலைச் சுற்றித் துளை தெரிந்தால் தடி.

* நூல் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் போதும். ஒரே மூச்சில் தைத்துவிடலாம் என்று நாலு முழம் கோத்தால் பாதி நேரம் சிக்கு எடுப்பதிலேயே போகும்.

* நுனியைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். நுனி மட்டும் தெரியும்படி நூலை இரு விரலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, ஊசியை அதன் மேல் கொண்டு வாருங்கள். நூலை வைத்துக்கொண்டு ஊசியைத் துரத்தாதீர்கள். போகவில்லையா? ஊசியைத் திருப்பி மறுபக்கம் பாருங்கள். காதுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மெல்லிய கம்பி வளையம் வைத்த நூல் கோக்கும் தகடு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. உச்சியில் பிளவு வைத்த ஊசியும் உண்டு; நூலை மேலிருந்து அழுத்தினாலே உள்ளே இறங்கிவிடும்.

* பட்டன் தைக்கும்போது பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாகத் தையுங்கள். முடித்ததும் குச்சியை உருவி, பட்டனுக்கு அடியில் நூலை நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். காஜாவுக்குள் பட்டன் சௌகரியமாக உட்காரும்.

* துரு ஏறின ஊசி, வளைந்த ஊசி, துணியில் தட்டித் தட்டிப் போகிற ஊசி... மூன்றுக்கும் ஓய்வு கொடுத்துவிடுங்கள். குப்பையில் அப்படியே போடாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடிப் போடுங்கள். குப்பை அள்ளுகிறவருக்கும் விரல் இருக்கிறது.

மறுபடி மாயவரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். 10-ம் நம்பர் நீளக் காது ஊசியை அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை விரலில் உருட்டிப் பார்த்தாள். முதல் தடவை நூல் தப்பியது. இரண்டாவது தடவை உள்ளே போய்விட்டது.

"இது அப்பவே இருந்துச்சாடா?"

"இருந்துச்சும்மா."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, கிடக்கட்டும். அந்தப் பையை எடு. டீச்சரம்மா பேத்தியோட பாவாடை. ஹெம்மிங் பிரிஞ்சுடுச்சாம், நேத்து குடுத்து விட்டாங்க" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா ஏற்கெனவே தைக்க ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ராஜா, இந்த நூலைக் கொஞ்சம் கோத்துக் குடுடா!"

"அதான் புது ஊசி இருக்கேம்மா? நீயே கோத்தியே காலையில?"

"கோத்தேன்தான். நீ வந்து கோத்துக் குடேன்."

டி.வி.யை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். யாரோ 98-ல் நின்றுகொண்டிருந்தார். நிற்கட்டும்.